குந்துநாதன் வீட்டு இரத்தினக் குவியல்

காஞ்சிபுரத்தில் ஒரு பெண்ணுக்கு வாடகை சைக்கிள் கொடுக்க அந்த நாளில் ஒரே ஒரு கடைதான் இருந்தது. மற்றக் கடைகளில், "யாருக்கும்மா, தம்பிக்கா?" என்று கேட்பார்கள். எனக்குத்தான் என்றால் அங்கிருக்கும் எல்லாச் சைக்கிளுக்கும் ஒரே நேரத்தில் காற்று இறங்கிவிடும். திருப்பருத்திக்குன்றத்தில் கடை வைத்திருந்த குந்துநாத நயினார் கேட்ட கேள்வி வேறு.

"ரோட்டுல எறும்பு வரிசை போனா எறங்கித் தள்ளிக்கினு போவியாம்மா?"

"போவேன்."

"அப்ப எந்த வண்டி வேணுமோ எடுத்துக்கோ."

அவர் கடைச் சைக்கிளை யாராலும் திருட முடியாது. முன்சக்கரத்துக்கு முன்னால், தரையைத் தொட்டும் தொடாமலும், தென்னை நாரில் கட்டிய குஞ்சம் ஒன்று தொங்கும். சக்கரம் வருவதற்குள் அது எறும்பை மெதுவாக ஒதுக்கிவிடும் என்பது அவர் ஏற்பாடு. ஒதுக்கியதா என்று எறும்புகள்தான் சொல்ல வேண்டும். நெசவாளர் தெருவான பிள்ளையார்பாளையத்துக்குள் அந்தச் சைக்கிளில் நுழைந்தால், "தெரு பெருக்க ஆள் வந்துடுச்சி, வழி வுடுங்கப்பா" என்று தறிக்குழியிலிருந்தே குரல் வரும்.

குந்துநாதனுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். கொஞ்சம் வேர்க்கடலை நிலம், ஒரு சைக்கிள் கடை, தயாவதி என்று ஒரு மனைவி, கட்டிக்கொடுத்துவிட்ட ஒரு மகள். உயிர்க்கொலை கூடாது என்பது அந்த ஊர் சமணக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் உள்ளதுதான். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள், கிழங்கு தொட மாட்டார்கள். ஆனால் குந்துநாதனைப் பார்த்து அவர்களே சிரிப்பார்கள். தலையில் வந்து உட்கார்ந்த கொசுவை விரட்டாமல், "குடிச்சிட்டுப் போவட்டும், எனக்கு ரத்தம் ஜாஸ்தி" என்று டாக்டரிடம் சொன்ன ஆள் அவர்.

கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய காட்சிசாலை. உள்ளே போகக் கட்டணம் உண்டு: உங்கள் வீட்டில் யாருக்கும் பயன்படாத பொருள் ஒன்று. காசு வாங்க மாட்டார், அது எல்லாருக்கும் பயன்படுகிறதே என்பார். ஒடிந்த குடைக்கம்பி, மூக்குப் போன கூஜா, ஒற்றைச் செருப்பு என்று ஜனங்கள் கொண்டுவருவார்கள். பூவம்மாள் என்று ஒருத்தி தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வாசலில் நிறுத்தி, "இத்த வச்சிக்கோங்க நயினாரே" என்றாள். குந்துநாதன் அந்த ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரிப்பேர் பண்ணா ஓடும்போல இருக்குதேம்மா, ஊட்டுக்கே இட்டுக்கினு போ" என்றார்.

இப்படிச் சேர்ந்த குப்பையில் அவர் பிராணிகள் செய்வார். மண்ணெண்ணெய் டின்னில் யானை. தேங்காய் நாரில் பிடரி வைத்த சிங்கம். தறியில் நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடா ஒடிந்துபோனால், அதற்குக் கண் வைத்து மீன். சேலைக்குப் பூ விழவைக்கிற ஓட்டை போட்ட அட்டைகளில் ஆமை ஓடு. ஒரு தடவை செய்ததைப் பிரிக்கவே மாட்டார். "தகரம்தானே நயினாரே" என்றேன் ஒரு நாள். "ஒடைக்கும்போது மனசுல யானையத்தானே ஒடைக்கிறோம்" என்றார். அதனால் கொட்டகையில் மனிதர் நிற்க இடம் குறைந்துகொண்டே வந்தது.

இன்னொரு பக்கம் இயற்கை தானாகச் செய்த வேடிக்கைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை. 'இது கல். இட்லி அல்ல. கடித்துப் பார்த்தவர் மூவர்.' 'இது சுரைக்காய். வாத்து என்று சொன்னாலும் இதற்குக் கோபம் வராது.' 'தூக்கணாங்குருவி வீடு. குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார்.' 'பாம்புச் சட்டை. உரியவர் வந்து கேட்டால் கொடுக்கப்படும்.' பறித்தது, பிடித்தது, கொன்றது எதுவும் அங்கே கிடையாது. தானாக விழுந்ததும் தானாக விட்டுப்போனதும் மட்டும்தான். அப்படியும், எந்தப் பொருளையும் நேரே உள்ளே கொண்டுபோக மாட்டார். கொட்டகைக்கு வெளியே நிழலில் மூன்று நாள் வைப்பார். "உள்ள யாராவது குடியிருந்தா காலி பண்ணிக்கினு போவட்டும்" என்பார். எறும்பும் வண்டும் சாவகாசமாக மூட்டை முடிச்சோடு வெளியேறிய பிறகுதான் உள்ளே.

அவருக்குச் சிநேகிதர், எதிரி இரண்டும் ஒரே ஆள்தான். பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் உமாபதி முதலியார். ஒடிந்த நாடாவும் கிழிந்த அட்டையும் அவர் தயவு. வந்தால் சண்டை போடாமல் போக மாட்டார். காரணம், குந்துநாதன் பட்டு தொட மாட்டார். ஊர் நயினார்களெல்லாம் கல்யாணத்துக்குப் பட்டு கட்டுகிறவர்கள்தான். இவர் மட்டும், ஒரு திகம்பர முனிவர் வந்திருந்தபோது அவர்முன் விரதம் எடுத்துக்கொண்டார். எடுத்ததோடு நிற்கவில்லை. தயாவதியின் கல்யாணப் பட்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

"ஒரு பொடவைக்கு ஆயிரக்கணக்குல பூச்சிய வெந்நீர்ல போடறீங்க மொதலியாரே. தூங்கிக்கினு இருக்கிறத எழுப்பிக்கூடச் சொல்லாம."

"நானா போட்டேன்? எனக்கு நூலா வருது, பொடவையா போவுது. நடுவுல பூச்சிய நான் கண்டேனா?"

அது உண்மைதான். அந்த ஊரில் பொழுது விடிந்தால் பட்டு, அடைந்தால் பட்டு. ஆனால் புழு வளர்வதும் வேகுவதும் எல்லாம் மைசூர்ப் பக்கம். காஞ்சிபுரத்துக்கு வருவது நூல் கட்டு மட்டும். ஊர்க்காரர்கள் பட்டுப்புழுவைப் பார்த்தது பள்ளிக்கூடப் புத்தகத்தில், கறுப்பு மையில், புடலங்காய் அளவில். கூட்டை யாரும் பார்த்ததே இல்லை. அதற்காக இருபது வருஷமாய்ச் சண்டை போட்ட குந்துநாதனும் பார்த்ததில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் மகாவீர் ஜெயந்திக்குக் குந்துநாதன் ஒரு பெரிய காரியத்தில் இறங்கினார். தீர்த்தங்கரர் கருவில் வருமுன் தாய் பதினாறு கனவு காண்கிறாள் என்பது அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. வெள்ளை யானை, காளை, சிங்கம், இரண்டு மீன், தாமரைக் குளம், அரியணை என்று போகும் அந்த வரிசை. பதினைந்தாவது இரத்தினக் குவியல். கடைசி, புகையில்லாத தீ. பதினாறையும் குப்பையிலேயே செய்து காட்டுவதென்று அவருக்கு ஆசை. தீ சுலபமாக முடிந்தது. சைக்கிள் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிவிட்டு, கேட்டால், "பொகை வருதா? வரலியே" என்றார். இரத்தினம்தான் மாட்டிக்கொண்டது. உடைந்த வளையலைக் குவித்துப் பார்த்தார். உடைந்த வளையல் குவியல் மாதிரியே இருந்தது.

அப்போதுதான் சிட்டிபாபு வந்தான். கொள்ளேகாலிலிருந்து நூல் கட்டு ஏற்றிவரும் லாரி டிரைவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். வழியில் எதைக் கண்டாலும் நயினாருக்கென்று எடுத்துவருவான். அன்று ஒரு சின்னக் கோணிமூட்டை.

"சந்தைக்கு வெளிய கொட்டி வச்சிருந்தாங்க நைனா. கறை பட்டுதாம், யாருக்கும் வாணாமாம். இன்னா காயோ தெரியல. உனக்கு ஆவும்னு அள்ளிக்கினு வந்தேன்."

அவன் லாரிக்கு நூல் தெரியும். நூல் எதிலிருந்து வருகிறதென்று லாரிக்குத் தெரிய வேண்டியதில்லை.

மூட்டையை அவிழ்த்ததும் குந்துநாதன் முகம் மலர்ந்துவிட்டது. பேரீச்சங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, இரண்டு முனையும் கூர், பொன்னும் பச்சையும் கலந்த நிறம், மேலே மெல்லிய மினுமினுப்பு. காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ கடகடத்தது. உமாபதியும் ஒன்றை வாங்கி ஆட்டினார்.

"ஏதோ பஞ்சுக்காய்பா இது. உள்ள வெதை ஆடுது."

இருபத்தைந்து வருஷமாகப் பட்டு நெய்கிற கை சொன்னால் அப்பீல் உண்டா? இருந்தாலும் முறை முறைதான். மூன்று நாள் நிழலில் வைத்தார். ஒருவரும் காலி செய்துகொண்டு வெளியே வரவில்லை. உள்ளே யாருமில்லை என்று தீர்மானமாயிற்று. குவித்து, அரியணைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தார். அட்டையும் எழுதியாயிற்று: 'இரத்தினக் குவியல். எடுத்துப் பார்க்கலாம். எடுத்துப் போகக் கூடாது.'

ஜெயந்தியன்று காலை கோயிலிலிருந்து ஊரே நேராகக் கொட்டகைக்கு வந்துவிட்டது. உமாபதியும் அவர் மனைவி கமலவேணியும் பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். நான் ஒரு ஓட்டை விசிறியைக் கொடுத்து உள்ளே போனேன். ஜனங்கள் யானையைத் தட்டிப் பார்த்தார்கள். தாமரைக் குளம் யாருடைய வீட்டுச் சோப்பு டப்பா என்று தகராறு நடந்தது. கமலவேணிதான் தாம்பாளத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"நயினாரே, உங்க ரத்தினம் மூச்சு வுடுது."

எல்லோரும் குனிந்தோம். ஒரு கூட்டின் முனை ஈரமாகி இளகியது. அதில் ஒரு ஓட்டை. ஓட்டையில் ஒரு முகம். சிறிது நேரம் முக்கித் திணறி, கசங்கிய சிறகோடு ஒரு வெள்ளைப் பூச்சி வெளியே வந்தது. வந்ததும் அது செய்த முதல் காரியம், அரியணையின்மேல் காவி நிறத்தில் ஒன்றுக்குப் போனது. பிறகு பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று குவியலே நெளிய ஆரம்பித்தது. சில பூச்சிகள் கொழுத்து அசையாமல் உட்கார்ந்துகொண்டன. ஒல்லிப் பூச்சிகள் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டமாக ஆடின.

குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார வண்டியோடு நான் நாலு வருஷம் மைசூர், ஆந்திரா, ஒரிசா என்று சுற்றிவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். கொள்ளேகால் பக்கம் கிராமங்களில் புழு வளர்க்கிற வீடுகளிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்தது.

"நயினாரே, இது பட்டுப்பூச்சி. இது காயில்ல, கூடு. இத்தத்தான் வெந்நீர்ல போடுவாங்க."

குந்துநாதன் ஒரு கூட்டைக் கையில் எடுத்தார். இருபது வருஷம் வக்காலத்து வாங்கிய கட்சிக்காரரை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார்.

உமாபதி சிரித்த சிரிப்பில் ஆமையின் அட்டைகள் ஆடின. "இதுக்காகத்தானேய்யா எங்கூட மல்லுக்கு நின்னே. ஆளையே அடையாளம் தெரியலியா உனக்கு?"

"உனக்குத் தெரிஞ்சுதா? பஞ்சுக்காய்ன்னியே." குந்துநாதன் என் பக்கம் திரும்பினார். "இதுங்களுக்கு இன்னா ஆகாரம்மா குடுக்கணும்?"

"இதுங்க சாப்பிடாது. முட்டை போடும், நாலஞ்சு நாள்ல செத்துப்போயிடும். ஒவ்வொண்ணும் முந்நூறு, நானூறு முட்டை போடும். அதுல வர்ற புழுவுக்கு மல்பெரி இலைதான் வேணும். வேற எதையும் தொடாது."

"இல்லன்னா?"

"பட்டினிதான்."

மல்பெரி என்பது முசுக்கட்டை. காஞ்சிபுரத்தில் யாரும் அதைப் பயிரிடவில்லை. குந்துநாதன் தாம்பாளத்தைப் பார்த்தார். அங்கே அதற்குள் மூன்று ஜோடி, வாலோடு வால் ஒட்டிக்கொண்டு, எதிரெதிர்த் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன, சண்டை போட்ட தம்பதி மாதிரி. அவர் மனசில் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது. தெரியாமல் ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவர் வீட்டில், இத்தனை ஆயிரம் உயிர் பிறந்து பசியால் சாகப் போகிறது. கொண்டுவந்து வைத்தது அவர் கை.

"அதுக்கு ஏன் இடிஞ்சி போயி நிக்கிறீங்க?" என்றாள் தயாவதி. "ஆம்பளையத் தனியா, பொம்பளையத் தனியா வச்சாத் தீந்துது. அஷ்டமி, சதுர்த்தசி விரதத்துக்கு உங்களை இந்தக் கொட்டாயிலதானே படுக்க வைக்கிறேன். வம்சம் ஒண்ணும் பெருகிடலியே."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் யோசனை சரியான யோசனை. கொழுத்தது பெண், ஒல்லியாய் ஆடுவது ஆண் என்று நான் சொல்லச் சொல்ல, தயாவதி கொத்தவரங்காய் ஆய்கிற மாதிரி இரண்டு கூடையில் பிரித்துப்போட்டாள். சேர்ந்திருந்த மூன்று ஜோடியிடம் வந்தபோது குந்துநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேந்ததைப் பிரிக்கிறது பாவம். வுட்டுடு."

அந்த மூன்று ஜோடியின் பாவத்தைத்தான் அவர் வைகாசி முழுவதும் சுமந்தார்.

முட்டைகள் கடுகைவிடச் சின்னதாக, மஞ்சளாக, சிங்கத்தின் முகத்தில் அம்மை போட்ட மாதிரி ஒட்டியிருந்தன. பத்து நாளில் கறுத்து, அறுந்த நூல் துணுக்குகள் போலப் புழுக்கள் வந்தன. அதற்குள் குந்துநாதன் மரம் கண்டுபிடித்துவிட்டார். வாலாஜாபாத்தில், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பஞ்சாட்சரம் என்பவர் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய மல்பெரி மரம். "பழத்தைத் தொடக் கூடாது, இலை உன் இஷ்டம்" என்றார் அவர். தினமும் விடியற்காலை குந்துநாதன் சைக்கிளில் பாலாற்றுப் பக்கமாக வாலாஜாபாத் போவார், வழியெல்லாம் பெருக்கிக்கொண்டே. ஈரக்கோணியில் இலையைக் கட்டிக்கொண்டு வெயில் ஏறுமுன் திரும்புவார். பறிக்குமுன் மரத்திடம் மன்னிப்புக் கேட்பாராம். மரம் என்ன சொல்லிற்று என்று உமாபதி தினமும் விசாரிப்பார்.

தகரக் கொட்டகை, அக்கினி நட்சத்திரம். கூரையில் ஈரச்சாக்கு போட்டு, தயாவதி மணிக்கொரு தடவை தண்ணீர் தெளித்தாள். பல்லி வராமல் இருக்கக் குந்துநாதன் விசிறியோடு காவல் உட்கார்ந்தார்.

"பல்லியும் உயிர்தானே நயினாரே," என்றார் உமாபதி. "அது இன்னா சாப்பிடும்?"

"எங்க ஊட்டுல சாப்பிட வேணாம்னுதான் சொல்றேன். உங்க ஊட்டுக்கு அனுப்பி வைக்கட்டுமா?"

புழுக்கள் விரல் நீளம் வளர்ந்த வாரத்தில் ஒரு பகலில் தயாவதி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து, மழை வந்துவிட்டதென்று முற்றத்தில் காயவைத்த வற்றலையெல்லாம் அள்ளினாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆயிரம் புழு ஒன்றாய் இலை தின்கிற சத்தம் அது. சாரல் மாதிரியே கேட்கும். வற்றலை மறுபடி பரப்பிக்கொண்டே, "பொண்ணு பொறந்து வளந்தப்பகூட நான் இவ்ளோ ஒழைக்கல" என்றாள்.

பிறகு ஒரு நாள் எல்லாம் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கின. கூடு கட்ட இடம் தேடி ஏறின. யானையின் காதுக்குள், சிங்கத்தின் பிடரியில், மீனின் வயிற்றில், இட்லிக் கல்லுக்குப் பின்னால், தூக்கணாங்குருவி காலி செய்த வீட்டில். மூன்று நாளில் கொட்டகை முழுவதும் பொன்பச்சை காய்த்துத் தொங்கியது. பதினாறு கனவில் எது எது என்றே தெரியவில்லை, எல்லாமே பதினைந்தாவது கனவாகிவிட்டது.

உமாபதி ஒரு கூட்டைத் தொட்டுப் பார்த்தார். இந்தத் தடவை ஆட்டவில்லை.

"நயினாரே, கோவிச்சிக்காத. ஒரு அண்டா வெந்நீர். அஞ்சு நிமிஷம். தூக்கத்துலயே போயிடும். இல்லன்னா நெனச்சிப் பாரு, இத்தினியும் பூச்சியாவும், இத்தினியும் முட்டை போடும். வாலாஜாபாத்து மரத்துல இலையில்ல, பட்டைகூட மிஞ்சாது."

தயாவதி சிங்கத்தின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருபது வருஷமா வேணாம் வேணாம்னு இருந்தேன்," என்றாள் கடைசியில். "இப்ப நம்ம ஊட்டுலயே விளைஞ்சி தொங்குது."

"உனக்கும் அண்டா வேணுமா?"

"நான் அப்படியா சொன்னேன்? தொங்குதுன்னு சொன்னேன்."

குந்துநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கொதிக்கவச்சா இன்னிக்குச் சாவும். வுட்டா, பொறக்கிறதெல்லாம் பட்டினில சாவும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் கொலைகாரன்."

"எந்தப் பக்கமும் திரும்ப வேணாம்," என்றாள் தயாவதி. "முன்ன பண்ண மாதிரி பிரிச்சி வைப்போம். இந்தத் தடவ சேந்துட்டுதுன்னு இரக்கப்படாதீங்க. சேர்றதுக்கு முன்னாடியே புடிக்கணும்."

பூச்சிகள் விடியலில்தான் கூட்டைவிட்டு வரும். அதனால் விடியுமுன்னே தெருப் பெண்கள் பத்துப் பேர், கமலவேணி, நான், உமாபதி எல்லோரும் கொட்டகைக்குள் போய் ஆளுக்கொரு கனவின் முன்னால் உட்கார்ந்தோம். எனக்குக் காளை. ஒரு ஆண் பூச்சி தப்பி ஓடினால் குந்துநாதன் சைக்கிள் மணியை அடிப்பார். எல்லோரும் கையை நீட்டுவார்கள். "உன் டிப்பார்ட்மெண்டு வேலைதாம்மா இது" என்றார் உமாபதி என்னிடம். உண்மையைச் சொன்னால், பிரசார வண்டியில் நாலு வருஷம் படம் போட்டுப் பாட்டுப் பாடி நான் சாதிக்காததைத் தயாவதி ஒரு வாரத்தில் சாதித்தாள்.

முதல் நாளே ஒரு சிக்கல். பெண் பூச்சிகளின் வாசனை காற்றில் போனாலே ஆண் பூச்சிகளுக்குப் பித்துப் பிடித்துவிடும். பக்கத்து அறையில் வைத்தாலும் கூடையை உடைக்கிற மாதிரி படபடத்தன. ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். எங்கே என்று யோசிக்கும்போது கமலவேணி, "எங்க ஊட்டுக்குக் கொண்டாங்க" என்றுவிட்டாள்.

"தறியில பொடவை நிக்குதுடி," என்றார் உமாபதி.

"போத்தி வைங்க."

அப்படியாக, இருபது வருஷச் சண்டை நடந்த அதே தறிக்கு அடியில், கூடை கூடையாகப் பிரமசாரிகள் வந்து இறங்கினார்கள். குந்துநாதன் சைக்கிளில் தினமும் கொண்டுவந்து விடுவார். உமாபதி நெசவை நிறுத்திவிட்டு, தறிமேல் வேட்டி போர்த்தி, கீழே குனிந்து, "டேய், எதுவா இருந்தாலும் கூடையிலியே போங்கடா, பொடவைமேல போவாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொன்று எடுத்த நூல் மேலே, கொல்லாமல் விட்ட பூச்சி கீழே. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. உமாபதி ஒவ்வொருவரிடமும் ஒரு பயனற்ற பொருள் கேட்டார். நுழைவுக் கட்டணமாம்.

குந்துநாதனுக்கு இன்னொரு கவலை. சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துப் பூச்சியின் முன் வைத்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்குத் தின்ன வாயே கிடையாது நயினாரே," என்றேன்.

"வாயே இல்லையா?"

"பூச்சியான பிறகு இல்ல."

பஞ்சை எடுத்து ஓரமாக வைத்தார். "அப்ப சாகிறவரைக்கும் உபவாசம். எங்காளுங்க பெரியவங்க கடைசி காலத்துல எடுத்துக்கிற விரதம், இது பொறக்கும்போதே எடுத்துக்கினு வருது. இதையாப்பா வெந்நீர்ல போடறீங்க" என்று உமாபதியைப் பார்த்தார். அன்றைக்கு ஒரு நாள்தான் உமாபதி சண்டை போடாமல் எழுந்து போனார். அதன் பிறகு குந்துநாதன் கொட்டகையிலும் தறிக்கு அடியிலும் உட்கார்ந்து, சாகப்போகிறவர்களுக்குச் சொல்கிற மந்திரத்தை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பூச்சிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

பெண் பூச்சிகள் ஆண் துணையில்லாமலே முட்டை போட்டுவிட்டுச் செத்தன. அதுதான் கடைசிப் பரீட்சை. கருவுள்ள முட்டை கறுக்கும், இல்லாதது மஞ்சளாகவே இருந்து வற்றும். குந்துநாதன் கண்ணாடி போட்டுக்கொண்டு காலையும் மாலையும் முட்டைகளின்முன் குனிந்தார். இரண்டாம் நாள் யானையின் முதுகில் ஒரு கறுப்பைப் பார்த்துவிட்டு வேர்த்துப்போனார். தயாவதி விரலால் துடைத்தாள். தார். பத்து நாள் கழிந்தது. ஒன்றுகூடக் கறுக்கவில்லை. எல்லாம் மஞ்சளாகவே குழிவிழுந்து உதிர்ந்தன. குந்துநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் போய், மரத்திடம் சொல்லிவிட்டு வந்தார்.

மிஞ்சியது ஓட்டைக் கூடுகள். காட்சிசாலைக்குத்தான் என்று அவர் கூடையில் எடுக்கும்போது, தயாவதி கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"இதுல இப்ப யாரும் இல்லியே."

"இல்ல."

"யாரையும் கொல்லலியே."

"இல்ல."

"அப்ப வுடுங்க."

கூடையை விட்டார். விட்டதோடு நிற்காமல், ஒவ்வொரு கூட்டையும் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். கடகடத்ததையெல்லாம் தனியே வைத்துக் காத்திருந்தார். இருபது வருஷம் அவர் திட்டிய அதே வெந்நீர் அண்டா அவர் வீட்டு அடுப்பிலேயே ஏறியது. சவுக்காரம் போட்டு வேகவைத்த கூடுகளைக் கமலவேணி பஞ்சு மாதிரி பிரித்து, தக்கிளியில் நூற்றாள். ஓட்டை விழுந்த கூட்டில் நீள இழை வராது. நூல் முடிச்சு முடிச்சாக, கோணல்மாணலாக வந்தது. உமாபதி அதைத் தறியில் ஏற்றிவிட்டு, முழத்துக்கு ஒரு வசவு வைத்தார். "இருபத்தஞ்சு வருஷமா பட்டு நெய்யிறேன். கடைசில என்னைக் கோணி நெய்ய வச்சிட்டியே நயினாரே." மொத்தம் ஒரு ரவிக்கைக்குத்தான் தேறியது.

ஆவணியில் வாலாஜாபாத்தில் தயாவதியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நானும் என் வாடகை சைக்கிளில் கூடவே போனேன். வைக்கோல் நிறத்தில், சொரசொரவென்று, அந்த ரவிக்கையைப் பருத்திப் புடவைக்கு மேட்சாகப் போட்டுக்கொண்டு தயாவதி பந்தலுக்குள் நுழைந்தாள். சுற்றிலும் மாம்பழ நிறமும் கிளிப்பச்சையுமாகப் பட்டு பளபளத்தது. அவள் நேராக அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா இது, சாக்குத் துணியா?"

"பட்டு," என்றாள் தயாவதி. "எங்க ஊட்டுல விளைஞ்சது. அத்தினி பேரும் பிரமசாரியா இருந்து குடுத்தது." முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

அது அவர்கள் ஆட்கள் கல்யாணம், ஆகவே பொழுது சாயுமுன் பந்தி. குந்துநாதன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அவளைச் சாப்பிட இரண்டு தடவை கூப்பிட்டார். மாப்பிள்ளையின் அத்தை இன்னும் ரவிக்கையைப் பார்க்கவில்லை என்றாள் தயாவதி. மூன்றாம் தடவை, சமையல்காரர் சம்சாரம் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றாள். அவள் பார்த்து முடிக்கும்போது பாலாற்றுக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிவிட்டது. இனிமேல் காலைவரை தண்ணீர்கூடக் கிடையாது.

திரும்பும்போது குந்துநாதன் சைக்கிளின் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் குஞ்சம் ரோட்டைப் பெருக்கிக்கொண்டே போயிற்று.

"அரிக்குதா?" என்றார் அவர்.

"அரிக்குது."

"பசிக்குதா?"

"பசிக்குது. நீங்க பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கை எட்டாத இடத்தில் முதுகைச் சொறிந்துகொள்ள, சீட்டின் முனையில் சாய்ந்து தேய்த்துக்கொண்டாள்.